சுட்ட பின்னும் கொல்லும் குண்டு

நாட்டுக்கோழி உரிக்கிற கடையில் சற்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குடலை உருவிய கையோடு, உள்ளங்கைக்குள் அடங்கும் தடித்த தசை உருண்டை ஒன்றைக் கடைக்காரர் கத்தியால் கீறுவார். பிளந்ததும் மணலும் பொடிக்கல்லும் பாதி அரைபட்ட கம்பும் சோளமும் கொட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் தோலை உரித்து எறிந்துவிட்டு அதையும் கறியோடு சேர்ப்பார். பாடப்புத்தகம் அரைவைப்பை என்று சொல்கிற இந்த உறுப்புதான் பல்லில்லாத பறவைக்கு ஆட்டுக்கல். கோழி பொறுக்கி விழுங்கிய கற்கள் அதற்குள் உருண்டு உருண்டு தானியத்தை மாவாக்குகின்றன.

காட்டு வாத்துக்கும் இதே ஏற்பாடுதான். ஏரியின் அடிச்சேற்றை அலகால் துழாவி, விதையோடு பொடிக்கல்லையும் சேர்த்து விழுங்கும். அந்தச் சேற்றில் மிளகைவிடச் சிறியதாக, கறுத்துப்போன ஈயக் குண்டு ஒன்று கிடந்தால் வாத்துக்கு அதுவும் ஒரு கல்தான். ஆனால் கல் தேயும். ஈயமோ வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறும். இறக்கைகள் ஓட்டுக்கூரைபோலச் சரியும். எச்சம் பச்சையாகும். தின்றது இறங்காது. உடம்பு வற்றி நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்தும். எந்தத் துப்பாக்கியும் குறிவைக்காத அந்த வாத்து, இரண்டு மூன்று வாரத்தில் கோரைக்குள் ஒதுங்கிச் செத்துவிடும். நரியோ பருந்தோ அதைத் தின்றுவிடுவதால் செத்தது யார் கண்ணிலும் படுவதில்லை. தின்ற பருந்தின் வயிற்றுக்குள்ளும் அதே ஈயம் போகிறது.

உலகின் பல நாடுகள் பறவை வேட்டைக்காரர்களிடம் "ஈயக் குண்டை விடுங்கள்" என்று சட்டம் போட்டுச் சொல்வதற்கு இதுதான் காரணம். வேட்டையே குற்றமாகிவிட்ட இந்தியாவுக்கு இந்தப் பேச்சு எட்டாத தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு தூரம் தெரியவில்லை.

ஒரு தோட்டாவில் 270

பறவை சுடும் துப்பாக்கியின் குழலுக்குள் புரி கிடையாது, வழவழப்பாக இருக்கும். அதில் போடும் 12 போர் தோட்டா ஒற்றைக் குண்டைத் துப்புவதில்லை. 28 கிராம் எடையில் ஆறாம் நம்பர் ஈயக் குண்டு நிரப்பிய தோட்டாவுக்குள் ஏறக்குறைய 270 சிறுகுண்டுகள் இருக்கும். விசையை இழுத்ததும் அவை ஒரு கூட்டமாகப் பறந்து விரிகின்றன. பறவை மேல் நாலைந்து பட்டாலே அது விழுந்துவிடும். மீதி அத்தனையும் தண்ணீரிலும் வயலிலும் உதிர்கின்றன. ஒரு நீர்நிலையில் ஐம்பது, நூறு வருடம் வேட்டை நடந்திருந்தால் அதன் அடியில் எத்தனை லட்சம் குண்டுகள் சேரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தக் குண்டுகளை ஒரே சீராகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ். 1782இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியாக ஊற்றினால், விழும் துளி காற்றிலேயே உருண்டையாகி, கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் இறுகிவிடும். ஈயம் எளிதில் உருகும், விலை மலிவு, கனமும் அதிகம். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் எடையிருக்கும். கனம் இருப்பதால் வேகம் சீக்கிரம் குறையாது. மென்மையாக இருப்பதால் குழலைக் கீறாது. பறவை வேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் இல்லை என்று வேட்டைக்காரர்கள் நம்பியதற்கு நியாயம் இருந்தது.

அந்த நம்பிக்கை இங்கும் வந்து இறங்கியது. குளிர்காலத்தில் நெல்வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் உள்ளான் சுடுவது வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பெரிய பொழுதுபோக்கு. வளைந்து வளைந்து பறக்கும் உள்ளானைச் சுட்டு வீழ்த்துவது கடினம். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஸ்னைப். மறைந்திருந்து குறிதவறாமல் சுடுபவரைக் குறிக்கும் 'ஸ்னைப்பர்' என்ற சொல்லே, 18ஆம் நூற்றாண்டு இந்தியாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய உள்ளான் வேட்டையிலிருந்து பிறந்ததுதான்.

அந்த வேட்டையை எதிர்த்து நின்ற ஊரும் தமிழ்நாட்டில் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரர்கள் பறவை சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை 1798இல் எழுத்திலேயே வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சட்டம் வந்த வழி

ஈயக் குண்டு வாத்துகளைக் கொல்கிறது என்று அமெரிக்காவில் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1894லேயே எழுதினார். அவரும் ஒரு வேட்டைக்காரர். வேட்டைக்காரர்கள் படிக்கும் பத்திரிகையின் ஆசிரியர். சட்டம் வருவதற்கு இன்னும் ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. விழுங்கிய ஈயக் குண்டால் அங்கே ஆண்டுதோறும் 16 லட்சம் முதல் 24 லட்சம் நீர்ப்பறவைகள் சாகின்றன என்ற மதிப்பீடு வந்த பிறகு, 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு நாடு முழுவதும் ஈயம் தடை செய்யப்பட்டது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய வலசைப் பாதையில் ஆய்வு செய்தவர்கள், ஈய நஞ்சால் சாகும் பச்சைத்தலை வாத்துகளின் எண்ணிக்கை 64 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். 1997ஆம் ஆண்டில் மட்டும் 14 லட்சம் வாத்துகள் பிழைத்தன என்பது அவர்களுடைய மதிப்பீடு.

நெதர்லாந்து 1993இலும் டென்மார்க் 1996இலும் ஈயச் சிறுகுண்டை முழுக்கவே நிறுத்தின. இங்கிலாந்து 1999இல் நீர்ப்பறவைகளுக்கு மட்டும் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி 15 முதல், எந்த ஈரநிலத்திலும் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈயக் குண்டு சுடக் கூடாது என்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் வேண்டாம் என்றது. பிணந்தின்னிப் பறவையான கலிபோர்னியா காண்டோர் 1982இல் உலகிலேயே 22தான் மிஞ்சியிருந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற மிச்சக் கறியில் இருந்த ஈயத் துணுக்குகள் அதைக் கொன்றுகொண்டிருந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த கதையின் இன்னொரு வடிவம் இது.

வேட்டைக்காரர்கள் தாமாகவே மாறிவிடுவார்கள் என்று காத்திருந்தும் பார்த்தார்கள். பிரிட்டனில் வேட்டை சார்ந்த ஒன்பது அமைப்புகள் 2020 பிப்ரவரியில் ஒன்றுகூடி, ஐந்து ஆண்டில் ஈயத்தைக் கைவிடுவோம் என்று அறிவித்தன. அடுத்த வேட்டைப் பருவத்தில் கடைகளிலிருந்து வாங்கிய ஃபெசன்ட் பறவைகளை ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்தார்கள். குண்டு கிடைத்த 180 பறவைகளில் 179இல் இருந்தது ஈயம். கடைசியில் 2025 ஜூலையில், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் ஈயச் சிறுகுண்டுக்கு முழுத் தடை வரும் என்று அரசு அறிவித்தது. மாறிக்கொள்ள 2029 வரை அவகாசம் உண்டு.

தாத்தாவின் துப்பாக்கிக்கு என்ன வழி?

வேட்டைக்காரர்களின் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஈயத்துக்குப் பதில் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது இரும்புக் குண்டு. அதன் அடர்த்தி 7.9தான். அதே அளவு ஈயக் குண்டைவிட எடை குறைவு என்பதால் சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட இரண்டு நம்பர் பெரிய குண்டாகப் போட வேண்டும். ஆறாம் நம்பர் ஈயம் போட்ட இடத்தில் நாலாம் நம்பர் இரும்பு. குண்டு பெரிதானால் தோட்டாவுக்குள் அடங்கும் எண்ணிக்கை குறையும். நெடுந்தூரத்தில் சுட்டுப் பழகியவர், பறவை இன்னும் கிட்டே வரும்வரை பொறுக்கப் பழக வேண்டும். பொறுக்காதவர் பறவையைக் காயப்படுத்தி அனுப்பிவிடுகிறார்.

அடுத்தது துப்பாக்கியின் கதி. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் குழல் சுவர் மெல்லியது. குண்டுக் கூட்டம் சீக்கிரம் சிதறாமல் இருக்கக் குழலின் முனையைச் சற்றுக் குறுக்கியிருப்பார்கள். 'சோக்' என்பார்கள் அதை. மென்மையான ஈயம் அந்தக் குறுகிய வாயில் நசுங்கி, நெளிந்து வெளியேறிவிடும். இரும்பு நசுங்காது. கெட்டியான கூட்டமாக வந்து மோதும்போது குழல் முனையில் மோதிரம் போட்டாற்போல ஒரு வீக்கம் விழும். இரும்புக் குண்டுத் தோட்டாவுக்குள் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம் வைத்துக் குண்டுகள் குழலில் உரசாமல் தடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கிண்ணம் வயலில் விழுந்து கிடப்பது இன்னொரு குப்பை. மண்ணில் மக்கும் கிண்ணங்கள் இப்போதுதான் பரவலாகி வருகின்றன.

19ஆம் நூற்றாண்டின் 'டமாஸ்கஸ்' குழல்கள் இன்னும் நுட்பமானவை. இரும்பையும் எஃகையும் பட்டையாக அடித்து முறுக்கி, ஒரு கம்பி மேல் கயிறுபோலச் சுற்றி, காய்ச்சிப் பற்றவைத்துச் செய்தவை. குழலின் மேல் அலை அலையாக ஓடும் கோலம் பார்க்க அழகு. இரும்புக் குண்டின் அடியையும் அழுத்தத்தையும் மனதில் வைத்து அவற்றை யாரும் செய்யவில்லை. பெல்ஜியத்தில் செய்த தங்கள் பழைய குழல்களில் இரும்புக் குண்டு சுட வேண்டாம் என்று பிரவுனிங் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு சோதனை முறை உண்டு. லண்டனில் 1637 முதலும் பர்மிங்காமில் 1813 முதலும் துப்பாக்கிக் குழல்களைக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தும் சாலைகள் இருக்கின்றன. வீரியமான இரும்புக் குண்டைத் தாங்கும் குழலுக்கு அல்லிப் பூ வடிவ முத்திரை. அது இல்லாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள துப்பாக்கியில், குறுக்கம் பாதிக்கு மேல் போகாமல் இருந்தால், சாதாரண இரும்புத் தோட்டா போடலாம். அதற்கும் தகுதியில்லாத பழைய துப்பாக்கிக்கு மிச்சமிருப்பது பிஸ்மத். ஈயத்தின் கனத்துக்குப் பக்கத்தில் வரும் மென்மையான உலோகம். பழைய குழலுக்கு அதனால் கேடில்லை. ஆனால் விலை கட்டுப்படியாகாது. பாட்டன் வைத்துவிட்டுப் போன துப்பாக்கியை வருடத்துக்கு நாலு முறையாவது தோளில் தூக்க ஆசைப்படும் ஒருவருக்கு, ஒவ்வொரு தோட்டாவும் காசைக் கணக்குப் பார்க்கும் விஷயமாகிவிட்டது.

டென்மார்க்கில் இத்தனை சிக்கலும் இருந்தன. மரத்தில் புதைந்த இரும்புக் குண்டு அறுவை ரம்பத்தைக் கெடுக்கும் என்று காட்டு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் அங்கே வேட்டை நின்றுவிடவில்லை. தோட்டா செய்பவர்கள் மாறினார்கள், வேட்டைக்காரர்கள் கிட்டத்தில் சுடப் பழகினார்கள்.

மலையடிவாரத்தில் பால்ரஸ்

இனி அணைக்கட்டுக்கு வருவோம். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பாலாற்றுக் கரைக்குத் தெற்கே, ஜவ்வாது மலையை முதுகில் சாய்த்துக்கொண்டிருக்கும் வட்டம் இது. மலைமேல் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகள். கீழே உத்திரகாவேரி ஓரம், வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஒடுகத்தூர். நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகளுக்குக் காட்டுப்பன்றி இறங்கி வரும்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபோது உரிமம் வாங்கிச் சிறுவேட்டை ஆட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. இன்று காடை, கௌதாரி, கிளுவை, உள்ளான் எதைச் சுட்டாலும் குற்றம். வேட்டையே இல்லாத நாட்டில் வேட்டைக் குண்டைப் பற்றிச் சட்டம் எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் இந்தியாவில் ஈயச் சிறுகுண்டுக்கென்று ஒரு கட்டுப்பாடும் இல்லை.

துப்பாக்கிகள் மட்டும் இருக்கின்றன. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்க் காவலுக்கென்று வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கும் துப்பாக்கிகளில் தாத்தா காலத்து ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும் நிறைய உண்டு. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டதால், பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறி இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

உரிமம் இல்லாதவை தனிக் கதை. ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி மலைப்பகுதிகளிலும் போலீசாரும் வனத்துறையினரும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று சொல்லி வாங்குவது அடிக்கடி நடக்கிறது. அந்தச் செய்திகளில் தவறாமல் வரும் சொல் 'பால்ரஸ்'. சைக்கிள் சக்கரத்தின் அச்சில் உருளும் எஃகு உருண்டைகள்தான் அவை. 'பால் ரேஸ்' பேச்சில் தேய்ந்து பால்ரஸ் ஆனது. துப்பாக்கி பிடிபட்டால் கரிமருந்தும் ஈயத் துண்டும் பால்ரஸும் கூடவே பிடிபடும்.

ஐரோப்பிய வேட்டைக்காரர் பழைய குழலுக்குள் இரும்பு போகலாமா என்று முத்திரையைத் தேடிப் பார்க்கிறார். ஜவ்வாது மலையில் அந்தக் கேள்வியைக் கேட்க முத்திரைச் சாலை கிடையாது. ஐரோப்பாவில் விற்கும் இரும்புக் குண்டு பதப்படுத்தி மென்மையாக்கிய இரும்பு. பால்ரஸ் பாரத்தைத் தாங்குவதற்காகவே கடினப்படுத்திய எஃகு. தடுப்புக் கிண்ணம் இல்லை, குழல் எதைத் தாங்கும் என்று சோதித்தவரும் இல்லை. நாட்டுத் துப்பாக்கி வெடித்துக் கை போனது, பன்றி என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டது என்று அவ்வப்போது வரும் செய்திகள் இந்த மலைக் குடும்பங்களின் வாழ்வில் நடந்தவை. துப்பாக்கியைப் பிடுங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கொல்லைக்குப் பன்றி வராமல் தடுக்க அவர்களுக்கு வேறு வழி தர வேண்டும்.

இன்னொரு துப்பாக்கி கண்ணில் படாமலே புழங்குகிறது. 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்குக் குறைந்த விசையும் கொண்ட ஏர்கன்னுக்கு உரிமமே வேண்டாம். அதற்குள் போவது அரை கிராம் ஈயம். புறா, மைனா, கொக்கு என்று அதற்குப் பலியாகும் பறவைகள் கணக்கில் வருவதில்லை. அருணாச்சலப் பிரதேசம் 2021இல் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியபோது, மலைக்கிராமத்து மக்களே துப்பாக்கியைக் கொண்டுவந்து மேடையில் அடுக்கினார்கள்.

பாலாறு ஏற்கெனவே சொன்னது

கண்ணுக்குத் தெரியாத உலோகம் மண்ணிலும் தண்ணீரிலும் இறங்கினால் என்ன ஆகும் என்பதை வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பு சொன்னது. கெடுதல் முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும், கெடுத்தவரே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையின் கழிவுக் குவியல், அந்தப் பாடம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஈயத்தைப் பற்றியும் நாடு முடிவெடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. பெட்ரோலிலிருந்து அது 2000இல் போனது. வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016இல் விதி வந்தது. குழந்தையின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் கெடுதலில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோட்டாவுக்குள் இருக்கும் ஈயம் மட்டும் இந்தக் கணக்குகளுக்கு வெளியே நிற்கிறது.

அது எங்கே விழுகிறது என்று பார்த்தால், சட்டபூர்வமான இடங்களும் உண்டு. களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியில் ஒரு தோட்டாவுக்கு 24 கிராம் ஈயம். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய போட்டி இது. தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். தட்டுக்கு ஒரே தோட்டா என்றாலும் ஒருவரே 3 கிலோ ஈயத்தைத் தரையில் தூவுகிறார். சுடுதளத்தின் மேல்மண்ணை அவ்வப்போது சலித்து ஈயத்தைத் திரும்ப எடுப்பதும், மழைத்தண்ணீர் அதிலிருந்து ஏரிக்கு ஓடாமல் தடுப்பதும் முடியாத காரியமல்ல.

அணைக்கட்டுக்கு நேராக வந்து சேரும் விஷயம் பன்றி. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உரிமத் துப்பாக்கிக்காரர்களை வைத்தே சுட அனுமதிக்க முடிகிறது. சுட்ட பன்றியை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்துவிட வேண்டும். கடலை விவசாயிக்கு இந்த அனுமதி தேவைதான். இரவெல்லாம் பரணில் தகரம் தட்டிக் கண்விழித்தவருக்கு அது தெரியும். தமிழக அரசின் ஆணையிலேயே தோட்டாவின் உலோகம் என்ன என்பதற்கும் ஒரு வரி எழுதிவிடலாம். டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் ரைபிள் குண்டிலும் ஈயத்தை நிறுத்திவிட்டது. அங்கே செம்புக் குண்டால் மானும் பன்றியும் விழுகின்றன. சுடப்போவது அரசு ஊழியர், தோட்டா வாங்கப்போவதும் அரசு. பழைய துப்பாக்கிக்கு ஒத்துவருமா என்ற பிரச்சினையும் இங்கே குறைவு; துறைக்கு வேண்டிய துப்பாக்கியைத் துறையே தேர்ந்தெடுக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பும்போது வடக்கேயிருந்து உள்ளான்கள் வந்து சேரும். பகலெல்லாம் வரப்போரப் புல்லில் மண்ணோடு மண்ணாகப் பதுங்கிக் கிடக்கும். பொழுது சாயும்போது வயலில் இறங்கி, நீண்ட அலகைக் கண் வரை சேற்றில் புதைத்து, தையல் மெஷின் ஊசிபோலக் குத்திக் குத்தி இரை தேடும். மண்புழு அகப்பட்டதா, பூச்சி அகப்பட்டதா, வேறு ஏதாவதா என்பதை அலகின் நுனி தொட்டுத்தான் அது தெரிந்துகொள்கிறது.